நற்காலத்தின் மீட்சி: உரோம வெண்கலக் காசொன்றின் சின்னங்களும் செய்தியும்

அரசன் தன் குடிகளோடு பேசும் வழிகள் பல. கல்லிலே வெட்டுவிப்பான், மாளிகையும் வளைவும் எழுப்புவிப்பான், புலவரைக் கொண்டு பாடுவிப்பான். இவை யாவற்றினும் நெடுந்தூரம் செல்லவல்லது காசு. கல்வெட்டு நட்ட இடத்தில் நிற்கும். அதனைப் படிக்க விரும்புவோர் அதனை நாடிச் செல்லுதல் வேண்டும். காசோ படிப்போரை நாடித் தானே செல்லும். உரோமப் பேரரசர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். செய்தித்தாளும் வானொலியும் இல்லாத அந்நாளில், பிரித்தானியாவின் எல்லைக் காவலனும் எகிப்தின் உழவனும் ஒரே அரசின் ஒரே சொல்லைக் கேட்கச் செய்தற்குக் காசினும் ஏற்ற கருவி வேறில்லை.

பொற்காசு படைத்தலைவர், உயர் அதிகாரிகள், பெருவணிகர் என்போரின் பேழைகளில் தங்கியது. பொதுமக்களின் கையில் நாள்தோறும் புழங்கியது வெண்கலக் காசே. ஆதலின், பேரரசு பொதுமக்களுக்குச் சொல்ல விரும்பியது யாது என அறிய முற்படுவோன் வெண்கலக் காசையே முதலில் நோக்குதல் வேண்டும். அவ்வகைக் காசுகளுள் கி. பி. 348ஆம் ஆண்டளவில் வெளியிடப்பட்ட ஒன்று தனிச் சிறப்புடையது. 'நற்காலத்தின் மீட்சி' என்னும் பொருள்படும் தொடர் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அத்தொடரோடு அமைந்த உருவங்கள் யாவை, அவை எவற்றைக் குறித்தன, காசு கூறிய சொல் மெய்யாயிற்றா என்பன ஆராயத்தக்கன. சொல்லும் உருவமும் ஒன்று கூற, அவற்றைத் தாங்கிய உலோகம் வேறொன்று கூறிய வரலாறே இக்காசின் வரலாறாகும்.

காசின் தோற்றம்

இக்காசினத்துள் பெருவழக்காயிருந்தது பேரரசன் இரண்டாம் கொன்ஸ்தாந்தியுசின் பெயரால் வெளிவந்த காசு. அதன் முன்புறத்தில் வலப்பக்கம் நோக்கிய பேரரசனின் மார்பளவு உருவம் காணப்படும். மார்பில் கவசமும் அதன்மேற் போர்வையும் உள்ளன. தலையில் முத்துக்கள் பதித்த பட்டிகை உள்ளது. முன்னைய பேரரசர் பலர் வாகைமாலை சூடியவராய்க் காசுகளிலே தோன்றினர். வாகைமாலை வெற்றி பெற்ற படைத்தலைவனுக்கு உரியது. முத்துப் பட்டிகை முடியரசனுக்கு உரியது. தந்தையான மகா கொன்ஸ்தாந்தீன் வழக்கிற் கொணர்ந்த இப்பட்டிகையே, உரோம ஆட்சி முழுமையான முடியாட்சியாக மாறிவிட்டதைச் சொல்லாமற் சொல்கின்றது.

உருவத்தைச் சுற்றிப் பொறிக்கப்பட்ட எழுத்துக்கள், 'எம் தலைவர் கொன்ஸ்தாந்தியுஸ், பத்தியும் நற்பேறும் உடைய அவுகுஸ்து' எனப் பொருள்படும். முகத்தில் தனிமனிதனுக்குரிய குணக்குறிகளைக் காண்பது அரிது. விழிகள் பெரியன; பார்வை அசைவற்றது. இஃது அச்சு வெட்டிய கம்மியனின் திறமைக் குறைவால் நேர்ந்ததன்று. 357ஆம் ஆண்டில் இப்பேரரசன் உரோம நகருக்குள் நுழைந்த காட்சியை வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்க்கெல்லினுஸ் விரித்துரைத்துள்ளார். தேரில் அமர்ந்த அரசன் முகத்தை வலமும் இடமும் திருப்பாமல், கழுத்தைப் பொறியிற் பிணித்தாற் போல, மனித உருவில் அமைந்த சிலையென இருந்தான் என்பது அவர் தரும் செய்தி. காசில் உள்ள முகமும் அச்சிலையின் முகமே. மனிதனைக் காட்டுதல் அதன் நோக்கமன்று. பதவியைக் காட்டுதலே நோக்கம்.

பின்புறத்தில் ஓர் உருவக் காட்சியும், அதனைச் சூழ்ந்து 'ஃபெல் தெம்ப் ரெபராத்தியோ' என்னும் இலத்தீன் எழுத்துக்களும் உள்ளன. முதலிரு சொற்களும் இடம் போதாமையாற் குறுக்கப்பட்டவை. அவற்றை 'ஃபெலிக்கியும் தெம்போரும்' என விரித்து 'நற்காலங்களின் மீட்சி' எனப் பொருள் கொள்வர் பலர். 'ஃபெலிக்ஸ்' என விரித்துக் 'காலங்களின் நற்பேறான மீட்சி' என்பர் சிலர். எவ்வாறு விரிப்பினும் கருத்து ஒன்றே. முன்புறத்தில் அரசனுக்கு அடையாக வந்த 'நற்பேறு' என்னும் சொல்லே பின்புறத்திற் காலத்துக்கு அடையாக வருகின்றது. நற்பேறுடைய அரசனாலே காலமும் நற்பேறு பெற்றது என்பதனைக் காசின் இரு புறங்களும் சேர்ந்து உணர்த்துகின்றன. காட்சிக்குக் கீழே, கோட்டின் அடியில், காசு அடிக்கப்பட்ட நகரின் குறியும் பட்டறையின் குறியும் உள்ளன. திரியெர், உரோமாபுரி, கொன்ஸ்தாந்திநோப்பிள், அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா முதலாகப் பத்துக்கு மேற்பட்ட நகரங்களின் அக்கசாலைகள் இத்தொடரைத் தாங்கிய காசுகளை அடித்தன.

காசு பிறந்த காலம்

நற்காலம் மீண்டது எனின், அஃது இடையில் இழக்கப்பட்டிருத்தல் வேண்டும். 'காலத்தின் நற்பேறு' என்னும் கருத்து உரோமக் காசுகளுக்குப் புதியதன்று. முந்திய நூற்றாண்டுகளின் காசுகளிலும் அது பயின்று வந்துள்ளது. ஆயின் 'மீட்சி' என்னும் சொல் அதனோடு சேரும்பொழுது, பெருமிதத்தின் உள்ளே ஓர் ஒப்புதலும் அடங்கிவிடுகின்றது. அவ்வொப்புதலுக்குக் காரணம் உண்டு.

மகா கொன்ஸ்தாந்தீன் 337ஆம் ஆண்டில் இறந்தான். இறந்த சில மாதங்களுள் அவனுடைய குடும்பத்து ஆடவர் பலர் கொன்ஸ்தாந்திநோப்பிளிற் படைவீரராற் கொல்லப்பட்டனர். எஞ்சிய மைந்தர் மூவரும் பேரரசைப் பங்கிட்டனர். மூத்தவனாகிய இரண்டாம் கொன்ஸ்தாந்தீன் 340இல் தம்பி கொன்ஸ்தான்சின் நாட்டின்மீது படையெடுத்து, அக்குவிலேயாவுக்கு அருகே மாண்டான். அதன்பின் மேற்கு கொன்ஸ்தான்சிடமும் கிழக்கு இரண்டாம் கொன்ஸ்தாந்தியுசிடமும் இருந்தன. கிழக்கில் பாரசீகப் பேரரசன் இரண்டாம் சாப்பூர் ஓயாது போர் தொடுத்தான். எல்லைக் கோட்டையாகிய நிசிபிஸ் நகரை 337க்கும் 350க்கும் இடையில் அவன் மும்முறை முற்றுகையிட்டான். மும்முறையும் நகர் தப்பியது. சிங்காரா என்னுமிடத்தில் நடந்த போரில், பகலில் வென்ற உரோமப் படை இரவிற் பேரிழப்பை அடைந்தது. மேற்கிலே பிராங்கியரோடு 341, 342ஆம் ஆண்டுகளிற் போர் நிகழ்ந்து உடன்படிக்கையில் முடிந்தது.

இந்நிலையில், 348ஆம் ஆண்டு வந்தது. கி. மு. 753இல் உரோமாபுரி நிறுவப்பட்டதெனக் கொள்ளும் மரபுக் கணக்கின்படி, நகர் தோன்றி ஆயிரத்து நூறு ஆண்டுகள் நிறைந்த காலம் அது. இதற்கு நூறாண்டுகளுக்கு முன், 248இல், பேரரசன் பிலிப் நகரின் ஆயிரமாவது ஆண்டு நிறைவைப் பெருவிழாவாகக் கொண்டாடினான். புதிய காசு இவ்வாண்டு நிறைவை ஒட்டியே வெளியிடப்பட்டது என்னும் கருத்தை அறிஞர் ஹரல்ட் மற்றிங்லி 1933இல் எழுதிய ஆய்வுரையொன்றில் நிலைநாட்ட முயன்றார். அதன்பின் வந்த ஆய்வாளருள் அதனை ஏற்றோரும் உளர். போர்களும் நாணயச் சீர்திருத்தமுமே போதிய காரணங்கள் என்போரும் உளர். ஒன்று மட்டும் குறிப்பிடத்தக்கது. அக்காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் அவுரேலியுஸ் விக்தர், ஆயிரத்து நூறாவது ஆண்டு வழக்கமான விழா எதுவுமின்றிக் கழிந்தது என்றும், உரோம நகரின்மேல் உள்ள அக்கறை நாளுக்குநாள் குன்றிவிட்டது என்றும் வருந்தி எழுதியுள்ளார். மற்றிங்லியின் கருத்துச் சரியாயின், ஊரெங்கும் எடுக்கவேண்டிய விழா ஒரு காசின் பின்புறத்துள் அடங்கிவிட்டது எனலாம்.

பின்புறத்து உருவங்கள்

ஒரே தொடரைப் பல காட்சிகளோடு இணைத்து வெளியிட்டமை இக்காசினத்தின் சிறப்பு. அவற்றுள் முதன்மையானவை ஐந்து. அவை வெவ்வேறு எடையுள்ள காசுகளில் இடம்பெற்றன.

முதலாவது பீனிக்சுப் பறவை. இது சிறு காசில் அமைந்தது. தலையைச் சுற்றி ஒளிக்கதிர் வீச, உலக உருண்டையின் மீதோ குன்றுபோற் குவிந்த பீடத்தின் மீதோ பறவை நிற்கின்றது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை அரேபியாவிலிருந்து எகிப்தின் சூரிய நகருக்கு இப்பறவை வரும் என்ற கதையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரொதோத்தசு எழுதிவைத்தார். தன் அழிவிலிருந்தே தான் மீண்டும் பிறக்கும் அப்பறவை, அரசுரிமை அறுபடாது தொடர்வதற்கும் உலகம் புதுமை பெறுவதற்கும் அடையாளமாயிற்று. இரண்டாம் நூற்றாண்டிலேயே பேரரசன் ஆதிரியன், தனக்கு முன்னிருந்த திராயனைப் போற்றி வெளியிட்ட பொற்காசில் இப்பறவையைப் பொறித்தான். நகரின் ஆண்டு நிறைவோடு இப்பறவைக்கு உள்ள தொடர்பும் பழையது. உரோமாபுரியின் எண்ணூறாவது ஆண்டில், குளோதியுசின் ஆட்சியில், பீனிக்சு என்று சொல்லி ஒரு பறவையை நகரமன்றிற் காட்சிக்கு வைத்தனர் என்றும், அது போலி என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை என்றும் பிளினி கூறுகின்றார். உயிருள்ள பறவை மக்களை ஏமாற்றத் தவறியது. உலோகப் பறவையோ முந்நூறு ஆண்டுகளின் பின்னரும் அதே பணிக்கு அழைக்கப்பட்டது.

இரண்டாவது மரக்கலம். படையுடை தரித்த பேரரசன் கலத்தின்மேல் நிற்கின்றான். வலக்கையில் பீனிக்சுப் பறவையை, அல்லது வெற்றித் தெய்வத்தின் சிற்றுருவை ஏந்தியுள்ளான். இடக்கையில் கொடியைப் பற்றியுள்ளான். சிறகுடைய வெற்றித் தெய்வம் பின்னணியத்தில் அமர்ந்து சுக்கானைப் பிடிக்கின்றாள். அரசைக் கலமாகவும் ஆள்வோனை மாலுமியாகவும் உருவகித்தல் கிரேக்கர்க்கும் உரோமர்க்கும் பழகிய மரபு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அரசன் கலத்தைச் செலுத்தவில்லை. அவன் நிற்க, வெற்றியே அவனைக் கொண்டுசெல்கின்றது. 343ஆம் ஆண்டின் குளிர்காலத்திற் கொன்ஸ்தான்ஸ் கடலைக் கடந்து பிரித்தானியாவுக்குச் சென்ற துணிகரச் செலவை இக்காட்சி நினைவூட்டுவதாகச் சில அறிஞர் கருதுவர்.

மூன்றாவது குடிசை. வளைந்த மரமொன்றின் கீழ் ஒரு சிறு குடிசை. அதிலிருந்து சிற்றுருவான ஒருவனை உரோம வீரன் கைப்பற்றி வெளியே அழைத்துவருகின்றான். வீரனின் கையில் ஈட்டி உண்டு. ஆனால் அது குத்துவதற்கு ஓங்கப்படவில்லை. அவன் திரும்பி அச்சிறுவுருவை நோக்குகின்றான். இது சிறைப்பிடிக்கும் காட்சி என்பர் சிலர். எல்லைப்புற மக்களைப் பேரரசின் நிலத்திற் குடியேற்றும் காட்சி என்பர் வேறு சிலர். உரோமக் கலையிற் பிறநாட்டான் பெரும்பாலும் முழந்தாளிட்டோ மிதியுண்டோ கிடப்பான். அவனுக்கென ஒரு வீட்டையும் ஒரு மரத்தையும் காட்டிய இக்காட்சி அதனால் அரியது.

நான்காவது சிறைப்பட்டோர். கொடியேந்திய பேரரசன் நிற்க, அவன்முன் கட்டுண்ட இருவர் காணப்படுகின்றனர். இது பழைய மரபின் தொடர்ச்சியே, விரித்துரைக்கவேண்டுவதில்லை.

ஐந்தாவது வீழும் குதிரைவீரன். இதுவே நீண்டு நிலைத்ததும் அளவின்றிப் பெருகியதுமாகும். தலைச்சீரா அணிந்த உரோம வீரன் கேடயம் தாங்கிக் காலூன்றி முன்னேறி, ஈட்டியாற் கீழ்நோக்கிக் குத்துகின்றான். அவன்முன் குதிரை மடிந்து விழுகின்றது. அதன்மேலிருந்தவன் சரிந்து, ஒரு கையைப் பின்னோக்கி உயர்த்துகின்றான். சில அச்சுக்களிற் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்கின்றான். பகைவனின் கேடயம் நிலத்திலே கிடக்கின்றது. சில காசுகளில் அவன் தலையிற் கூர்நுனிக் குல்லாய் உண்டு. சிலவற்றில் வெறுந்தலையாய் இருக்கின்றான்.

இக்காட்சியின் அமைப்பு மரபுக்கு மாறானது. குதிரைமேலுள்ள உரோமன் நிலத்திற் கிடக்கும் பகைவனை மிதித்தல் முந்திய காசுகளிலும் வீரரின் கல்லறைச் சிற்பங்களிலும் பயின்ற காட்சி. இங்கோ உரோமன் காலாளாகவும் பகைவன் குதிரையாளாகவும் உள்ளனர். சாப்பூரின் படைக்கு வலிமை தந்தது கவசமணிந்த குதிரைப்படையே. கிழக்கெல்லையில் உரோமக் காலாளின் நெஞ்சில் அச்சத்தை விளைவித்த அக்குதிரையே காசிலே மடிந்து கிடக்கின்றது. எந்தப் பகை அஞ்சத்தக்கதாயிருந்ததோ, அந்தப் பகையே வீழ்ந்ததாகக் காட்டப்பட்டது. வெற்றியைப் பறைசாற்றும் சின்னம், அச்சத்தையும் தன்னை அறியாமலே பதிவு செய்துவிட்டது.

பழைய சின்னமும் புதிய சமயமும்

கொன்ஸ்தாந்தியுஸ் கிறித்தவன். 341ஆம் ஆண்டின் சட்டமொன்று பலியிடும் வழிபாட்டைத் தடுத்தது. 357இல் அவன் உரோம மூதவை மண்டபத்திலிருந்த வெற்றித் தெய்வத்தின் பலிபீடத்தை அகற்றுவித்தான். ஆயினும் அவனுடைய காசுகளில் அதே வெற்றித் தெய்வம் சிறகு விரித்து அரசக்கலத்தின் சுக்கானைப் பிடித்திருந்தாள். மண்டபத்தில் இடமிழக்கவிருந்தவள் காசில் இடம் பெற்றிருந்தமை முரணாகத் தோன்றலாம். பலிபீடம் வழிபாட்டுக்கு உரியது. காசின் உருவம் பொருளுக்கு மட்டுமே உரியது என்று அக்காலத்தவர் வேறுபடுத்தியிருத்தல் கூடும்.

அரசனின் கையிலுள்ள கொடியும் கருதத்தக்கது. 'லாபாரும்' எனப்பட்ட அக்கொடியில், கிரேக்க மொழியிற் கிறித்துவின் பெயருக்கு முதலாகவுள்ள இரண்டு எழுத்துக்களை இணைத்த சின்னம் காணப்படும். இவ்வாறு, முற்காலத் தெய்வமும் புதிய சமயத்தின் கொடியும் ஒரே கலத்திற் பயணஞ் செய்தன. பீனிக்சுப் பறவையும் இருசாரார்க்கும் பொதுவாயிற்று. பழைய சமயத்தார் அதனிற் காலத்தின் புதுப்பிறப்பைக் கண்டனர். கிறித்தவரோ, முதல் நூற்றாண்டின் இறுதியளவிலேயே உரோமாபுரியின் கிளெமந்து தம் நிருபத்தில் எடுத்துக்காட்டியதுபோல, இறந்தோரின் உயிர்த்தெழுதலை அதனிற் கண்டனர். பேரரசில் அன்று இரு நெறியினரும் கலந்து வாழ்ந்தனர். இருவரும் தத்தம் பொருளைக் கொள்ளத்தக்க சின்னங்களைத் தெரிந்தெடுத்தமை அரசியல் நுண்மதியைக் காட்டுகின்றது. ஒரு நாட்டின் நம்பிக்கை ஒரே நாளில் மாறிவிடுவதன்று. சொல் மாறிய பின்னரும் சின்னம் நிற்கும், சின்னம் நிற்கவே பொருள் மெல்ல மாறும் என்பதற்கு இக்காசு சான்று.

சுருங்கிய காசு

இதுகாறும் கூறியவை காசு சொல்ல விரும்பியவை. அது சொல்ல விரும்பாதவற்றை அதன் உலோகமே கூறுகின்றது.

348இல் வெளிவந்த பெரிய காசு ஏறத்தாழ 5 கிராம் எடையுடையது. நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்கு வெள்ளியும் அதிற் கலந்திருந்தது. முன்னர்ப் புழங்கிய மெலிந்த சிறு காசுகளோடு ஒப்பிடுமிடத்து, இது உண்மையான சீர்திருத்தமே. மீட்சி என்னும் சொல்லுக்கு அப்பொழுது சிறிதளவேனும் பொருள் இருந்தது. ஆயின் அந்தச் சிறிதளவு வெள்ளியே காசுக்குப் பகையாயிற்று. 349ஆம் ஆண்டுக்குரியதெனக் கருதப்படும் சட்டமொன்று தேயோதோசியுசின் சட்டத்தொகுப்பிற் காணப்படுகின்றது. காசை உருக்கி வெண்கலத்திலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் தொழில் பெருகிவிட்டதென்றும், அதிற் பிடிபடுவோர்க்கு மரணதண்டனை உண்டென்றும் அச்சட்டம் கூறுகின்றது. நற்காலம் மீண்டதென்னும் காசை, வெளிவந்த ஓரிரு ஆண்டுக்குள்ளேயே மக்கள் உலையிலிட்டனர்; அரசு கொலைத்தண்டனையைக் காட்டி அதனைக் காத்தது.

350ஆம் ஆண்டில் மேற்கில் மக்னெந்தியுஸ் என்னும் படைத்தலைவன் அரசைக் கவர்ந்தான். கொன்ஸ்தான்ஸ் தப்பியோடும் வழியிற் கொல்லப்பட்டான். கவர்ந்தவனும் 'அரசின் நற்பேறு' என்னும் தொடரையே தன் காசிற் பொறித்தமை நோக்கத்தக்கது. 351இல் முர்சா என்னுமிடத்தில் உரோமப் படையும் உரோமப் படையும் மோதின. கொன்ஸ்தாந்தியுஸ் வென்றான். ஆயினும் எத்தனையோ அயற்போர்களுக்குப் போதுமாயிருந்த படைவலிமை அப்போரில் அழிந்தது என்று வரலாற்றாசிரியர் எவுத்துரோப்பியுஸ் இரங்குகின்றார். 353இல் மக்னெந்தியுஸ் தற்கொலை செய்துகொண்டான். பேரரசு முழுதும் கொன்ஸ்தாந்தியுசின் கைக்கு வந்தது.

இவ்வாண்டுகளிலேயே காசில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒன்று, காட்சிகள் குறைந்தன. பீனிக்சுப் பறவை மறைந்தது, மரக்கலம் மறைந்தது, மரத்தின் கீழிருந்த குடிசையும் மறைந்தது. எஞ்சியது வீழும் குதிரைவீரன் ஒருவனே. நற்காலத்தின் மீட்சி என்பதற்குப் புதுப்பிறப்பு, நல்வழிச் செலவு, புதிய குடியேற்றம், வெற்றி எனப் பல பொருள்கள் இருந்த நிலை மாறி, பகைவனைக் கொல்லுதல் என்னும் ஒரே பொருள் நிலைத்தது. மற்றொன்று, காசு சுருங்கியது. 5 கிராம் அளவிலிருந்த காசு 353ஐ அடுத்த காலத்தில் ஏறத்தாழ 2½ கிராம் ஆயிற்று. வெள்ளியும் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. காட்சி மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை. அதே வீரன் அதே பகைவனைப் பாதி உலோகத்தின்மேற் குத்தினான்.

அவ்வாண்டுகளின் நிகழ்ச்சிகளும் காசின் சொல்லுக்குத் துணைநிற்கவில்லை. 355இல் கொலோன் நகர் பிராங்கியர் வசமாயிற்று. 359இல் கிழக்கெல்லையிலுள்ள அமிதாவைச் சாப்பூர் கைப்பற்றினான். அம்முற்றுகையில் நகருக்குள்ளிருந்து உயிர்தப்பியவருள் முன்னர்க் குறிப்பிட்ட அம்மியானுசும் ஒருவர். இதற்கு முன்பே, இத்தொடரைக் கைவிடும் முயற்சி தொடங்கிவிட்டது. ஆட்சியின் இறுதியாண்டுகளில் ஏறத்தாழ 2 கிராம் எடையுள்ள புதிய சிறு காசு வந்தது. அதில் வீரனும் இல்லை, குதிரையும் இல்லை. உலக உருண்டையும் ஈட்டியும் ஏந்தித் தனியே நிற்கும் பேரரசனும், 'அரசின் நம்பிக்கை' என்னும் தொடருமே உள்ளன. மீட்சி என்பது நிகழ்ந்துவிட்டதைக் குறிக்கும். நம்பிக்கை என்பது இனி நிகழவேண்டுவதைக் குறிக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அரசின் மொழி முன்னதிலிருந்து பின்னதற்கு இறங்கியமையைக் காட்டச் சான்று வேறு வேண்டுவதில்லை.

படிகளும் பயணமும்

அரசு கைவிட்ட காசை மக்கள் கைவிடவில்லை. மக்னெந்தியுசின் காசுகள் செல்லாவாக்கப்பட்டபின் கோலிலும் பிரித்தானியாவிலும் சில்லறைக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. அத்தட்டுப்பாட்டைப் போக்க, ஆங்காங்கே மக்கள் தாமே வீழும் குதிரைவீரனைப் படியெடுத்து அடித்தனர். பிரித்தானிய மண்ணில் இத்தகைய படிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றுட் சில 10 மில்லிமீற்றருக்கும் குறைந்த குறுக்களவுடையவை. சில, பழைய காசுகளின்மேலேயே மீண்டும் அடிக்கப்பட்டவை. வீரன் சில கோடுகளாகச் சுருங்கினான். குதிரை ஒரு வளைவாயிற்று. எழுத்துக்கள் பொருளற்ற கீறல்களாயின. சொல்லைப் படிக்க அறியாதவனும் அச்சொல் இருந்த இடத்திற் கீறல்களை இட மறக்கவில்லை. எழுத்திருந்தாலன்றோ காசு காசாகும் என்பதை அவன் அறிந்திருந்தான். அரசு அனுப்பிய செய்தியில் மக்கள் வேண்டி எடுத்துக்கொண்டது, அன்றாடச் சந்தைக்கு உதவும் ஒரு வட்டத் தகடு மட்டுமே.

உரோமச் சிறு வெண்கலக் காசுகளின் செலவு மேற்கு எல்லையோடு முடியவில்லை. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரிய இத்தகைய காசுகள் தமிழகத்தில் கரூர், மதுரை முதலிய இடங்களிலும், இலங்கையிற் பல பகுதிகளிலும் கிடைத்துள்ளன. கொட்றிங்றன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலில் இவற்றுக்கும், இவற்றைப் பின்பற்றி இந்நாட்டிலேயே செய்யப்பட்ட படிகளுக்கும் இடம் தந்துள்ளார். தேய்ந்து எழுத்தழிந்த காசுகளே மிகப்பல. கொன்ஸ்தாந்தியுஸ் 361இல் இறந்தபின் அரியணையேறிய யூலியானுசிடம் தொலைநாட்டுத் தூதர் வந்ததைக் கூறுமிடத்து, 'செரெந்திவி' என்னும் மக்களையும் அம்மியானுஸ் குறிப்பிடுகின்றார். அது இலங்கையரைக் குறிக்கும் பெயர் என்பது அறிஞர் கொள்கை. ஆகவே அக்காலத்து உரோமக் காசின் வரலாறு இத்தீவுக்கு முற்றும் அயலானதன்று. பிரித்தானியாவின் உழவன் செய்ததையே இந்நாட்டு வணிகனும் செய்தான். அரசனின் பெயரையும் விருதையும் அவன் பொருட்படுத்தவில்லை; சில்லறைக்கு உதவிய உலோகத்தை ஏற்றான்; போதாதபொழுது அதைப்போல் வேறு செய்துகொண்டான்.

முடிவுரை

காசு வெளிவந்த பதினைந்தாம் ஆண்டில், 363இல், பாரசீகத்தின்மேற் படையெடுத்துச் சென்ற யூலியானுஸ் போரில் மாண்டான். அவனுக்குப் பின்வந்த யோவியானுஸ் சாப்பூரோடு செய்த உடன்படிக்கையால் நிசிபிஸ் நகரைப் பாரசீகர்க்குக் கொடுத்தான். மும்முறை முற்றுகைக்கு ஈடுகொடுத்த நகர் ஓர் ஏட்டிலிட்ட கையொப்பத்தால் வீழ்ந்தது. நகரத்தார் தம் வீடுகளை விட்டு அழுதுகொண்டே வெளியேறியதை அம்மியானுஸ் நேரிற் கண்டு எழுதியுள்ளார். அன்று வெளியேறியோரின் முடிப்புக்களிலும், பகைக் குதிரைவீரன் குத்துண்டு விழும் காசுகள் இருந்திருத்தல் வேண்டும்.

வரலாறு பயில்வோர்க்கு இக்காசு தரும் பாடம் எளியது. அரசு பொறித்த சொல்லைப் படித்தால் அரசு எவ்வாறு தோன்ற விரும்பியது என்பது தெரியும். அச்சொல்லைத் தாங்கிய உலோகத்தை நிறுத்தால் அரசு எந்நிலையில் இருந்தது என்பது தெரியும். பொய்கூறும் நோக்கத்தோடே இக்காசு வெளியிடப்பட்டது என்று கொள்ளுதல் நேர்மையாகாது. 348இல் அதனை வெளியிட்டோர் தாம் கூறியதை நம்பியிருத்தல் கூடும். எடையைக் கூட்டி வெள்ளியைச் சேர்த்தமையே அதற்குச் சான்று. ஆயின் பறவையையும் கலத்தையும் குடிசையையும் நீக்கி ஈட்டியை மட்டும் வைத்துக்கொண்ட அரசு, நற்காலம் என்பதன் பொருளைத் தானே குறுக்கிக்கொண்டது. அவ்வாறு குறுகிய சொல்லைத் தாங்குதற்குக் குறுகிய காசே போதுமானதாயிற்று.